3 டன் வண்டியிலிருந்து 2.3 டன் பேனல் ஏன் சரிந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்த ஓர் ஆலையில், 11 கிலோவோல்ட் சுவிட்ச்கியர் பேனல்களை (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் கருவிகள் அடங்கிய இரும்பு அலமாரிகளை) லாரியிலிருந்து இறக்கி அறைக்குள் கொண்டுசென்றபோது ஒரு தொகுதி ஃபோர்க்லிஃப்டிலிருந்து முன்னோக்கிச் சரிந்தது. பக்கத்தில் நடந்துவந்த தொழிலாளி ஒருவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு, அதே லாரியில் வந்து எந்த விபத்திலும் சிக்காத வேறொரு தொகுதி, மின்னழுத்தச் சோதனையைத் தாங்காமல் தோற்றது. ஆலை இவற்றை இரண்டு தனி நிகழ்வுகளாகப் பதிவு செய்து, இரண்டு கோப்புகளாக வைத்திருந்தது. ஆய்வுக்கு அழைக்கப்பட்ட நான் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். வேர் ஒன்றுதான் என்பது என் முடிவு. தேவையான தகவல் ஒவ்வொன்றும் ஆலை வளாகத்துக்குள் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டியவரின் கைக்கு வரவில்லை.

ஆலை, தயாரிப்பாளர், சரக்கு நிறுவனம் ஆகியோரின் பெயர்களை இங்கே விட்டுவிடுகிறேன். எடைகளையும் நீளங்களையும் முழு எண்களாக்கியிருக்கிறேன். முடிவுகள் அதனால் மாறவில்லை.

வந்த சரக்கு

மொத்தம் பத்து பேனல்கள். தயாரிப்பாளரிடமிருந்து புறப்படும்போதே இரண்டிரண்டாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, ஐந்து தொகுதிகளாக வந்தன. ஒரு தொகுதியின் உயரம் 2,300 மி.மீ., அகலம் 1,600 மி.மீ., ஆழம் 1,700 மி.மீ. மின்சுற்றைத் துண்டிக்கும் கருவிகளான பிரேக்கர்கள் சக்கரம் பொருத்திய தனித் தள்ளுவண்டிகளில் அமைந்தவை. ஒன்றின் எடை ஏறத்தாழ 200 கிலோ. வழக்கப்படி அவற்றை வெளியே எடுத்துத் தனி மரப்பெட்டிகளில் அனுப்ப வேண்டும்.

நான்கு தொகுதிகளுக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்தாவது தொகுதியில் கடைசி நேரத்தில் ஒரு வடிவமைப்பு மாற்றம் வந்ததால், அதன் இரண்டு பிரேக்கர்களும் உள்ளேயே வைத்து, நகராதபடி கவ்விகளால் இறுக்கி அனுப்பப்பட்டன. முதல் நான்கு தொகுதிகளும் தலா 1,900 கிலோ. ஐந்தாவது 2,300 கிலோ.

இந்தத் தகவலை யாரும் மறைக்கவில்லை. சரக்குப் பட்டியலில் ஒவ்வொரு தொகுதியின் எடையும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருந்தது. பட்டியல் மின்னஞ்சலில் வந்து கொள்முதல் பிரிவில் இருந்தது. லாரி ஓட்டுநர் கொண்டுவந்த சலானில் மொத்த எடை மட்டுமே இருந்தது. இறக்கும் இடத்தில் நின்றவர்களிடம் சலான்தான் இருந்தது.

இந்தக் கோப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு தாள். சரக்கை எண்ணி வாங்கிய கிடங்கு எழுத்தர் கவனமானவர். பத்து பிரேக்கர்களுக்குப் பத்து பெட்டிகள் வர வேண்டும், எட்டுதான் வந்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, ‘பிரேக்கர் பெட்டி 2 குறைவு’ என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். ஆனால் அந்தக் குறிப்பு கொள்முதல் பிரிவுக்குப் பற்றாக்குறைப் புகாராகப் போனது. வராத இரண்டு பிரேக்கர்கள் ஒரு தொகுதிக்குள் இருக்கக்கூடும், அப்படியானால் அந்தத் தொகுதி 400 கிலோ கூடுதல் எடை கொண்டது, அதன் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும் என்று அந்த வரியைப் படிக்கக்கூடியவர் யாரும் அதைப் பார்க்கவில்லை. விபத்து நடந்தது அதற்கு மறுநாள்.

சரிவு

லாரியிலிருந்து கிரேன் மூலம் இறக்கிய தொகுதிகளை, ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கத்திலிருந்து தூக்கி, கட்டடத்தின் வாசலில் இருந்த சிறிய சாய்தளம் வழியாக அறைக்குள் இறக்கியது. சாய்தளத்தின் சரிவு ஏறக்குறைய 5 டிகிரி. அறையின் தளம் வெளித்தரையை விடத் தாழ்ந்திருந்தது. முதல் நான்கு தொகுதிகளும் சிக்கல் இல்லாமல் உள்ளே போயின. ஐந்தாவது தொகுதி சாய்தளத்தின் நடுவில் இருந்தபோது ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின்சக்கரங்கள்தான் என்பதால், அவை எழுந்ததும் வண்டி அவர் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. தொகுதி, வண்டியின் முன்னால் நீளும் இரும்பு முள்களிலிருந்து வழுக்கி, முன்பக்கமாகச் சாய்ந்து, கதவுத் தூணில் மோதி நின்றது. தூண் இல்லையென்றால் முழுவதுமாக விழுந்திருக்கும்.

ஆலையின் முதல் அறிக்கை காரணத்தை ஒரே வரியில் முடித்திருந்தது: ஓட்டுநர் திடீரென பிரேக் போட்டார். இதை நான் ஏற்கவில்லை. சாய்தளத்தில் இறங்கும் எந்த ஓட்டுநரும் எப்போதாவது பிரேக்கைத் தொடத்தான் செய்வார். அதைத் தாங்க முடியாத நிலையில் வண்டி ஏன் இருந்தது என்பதே கேள்வி.

வண்டியின் தகட்டில் 3,000 கிலோ என்று எழுதியிருந்தது. 2,300 கிலோ தொகுதிக்கு 3,000 கிலோ வண்டி போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தகட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது: 500 மி.மீ. முள்ளின் செங்குத்து முகத்திலிருந்து சுமையின் ஈர்ப்பு மையம் அரை மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே 3,000 கிலோ செல்லும் என்பது அதன் பொருள். ஃபோர்க்லிஃப்ட் முன்னச்சை ஊன்றுபுள்ளியாகக் கொண்ட நெம்புகோல். பின்னால் இருக்கும் எதிர் எடை, முன்னால் இருக்கும் சுமையைத் தாங்குகிறது. சுமையின் மையம் தள்ளிப்போகப் போக, தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே வரும்.

இந்த வண்டியில் முன்னச்சிலிருந்து முள்முகம் வரை 450 மி.மீ. ஆகவே 3,000 கிலோ என்ற திறன், அச்சிலிருந்து 950 மி.மீ. தொலைவுக்கு உரியது. ஐந்தாவது தொகுதியில் இரண்டு பிரேக்கர்களும் முன்பாதியில் இருந்ததால், அதன் மையம் பின்முகத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மி.மீ. தள்ளி, அதாவது அச்சிலிருந்து 1,450 மி.மீ. தொலைவில் இருந்தது. 3,000-ஐ 950-ஆல் பெருக்கி 1,450-ஆல் வகுத்தால் 1,966 கிலோ கிடைக்கிறது. இந்தச் சுமையை இந்த வண்டி தூக்கலாம் என்று சொல்லக்கூடிய உச்ச வரம்பு அவ்வளவுதான். தூக்கியதோ 2,300 கிலோ. சமதரையிலேயே அந்த வண்டி மிகைச்சுமையில் இருந்தது. உற்பத்தியாளர் வைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளிதான் அதுவரை அதை நிறுத்தி வைத்திருந்தது.

சாய்தளம் அந்த இடைவெளியையும் தின்றது. தொகுதியின் மையம் முன்னச்சை விட ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தது. 5 டிகிரி சரிவில் வண்டி முன்பக்கமாக இறங்கும்போது அந்த மையம் இன்னும் 105 மி.மீ. முன்னால் போனதற்குச் சமம். வரம்பு 1,833 கிலோவாக இறங்குகிறது. அதற்கு மேல் பிரேக்கின் விசை சேர்ந்தது.

இதே கணக்கை முதல் நான்கு தொகுதிகளுக்கும் போட்டுப் பார்த்தேன். பிரேக்கர் இல்லாததால் மையம் பின்முகத்திலிருந்து 880 மி.மீ.-இல் இருந்தது. சமதரையில் வரம்பு 2,143 கிலோ, சுமை 1,900 கிலோ. சாய்தளத்தில் வரம்பு ஏறக்குறைய 1,986 கிலோ. நான்கு முறையும் வண்டி வரம்பின் விளிம்பை ஒட்டியே போய் வந்திருக்கிறது. நான்கு முறை நல்லபடியாக நடந்ததை எல்லோரும் அந்த முறை சரியானது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது எச்சரிக்கை. கணக்கு போடாதவரை அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓட்டுநர் மீதும் ஒரு பங்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சுமையோடு சரிவில் இறங்கும்போது சுமை மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது வண்டி பின்னோக்கி இறங்க வேண்டும் என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பயிற்சியின் அடிப்படைப் பாடம். சுமை பார்வையை மறைத்தாலும் பின்னோக்கித்தான் போக வேண்டும். இங்கே இரண்டு காரணங்களும் இருந்தன. ஆனால் பின்னோக்கி இறங்கியிருந்தால், வாசலைத் தாண்டியதும் வண்டியைத் திருப்பிப் பேனலை அதன் இடத்தில் வைக்க அந்த அறையில் இடமில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே வழியை அளந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அளக்க வேண்டியவர் ஓட்டுநர் அல்ல.

காயமடைந்தவர் அங்கே ஏன் இருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். 2.3 மீட்டர் உயரமும் 1.6 மீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாது. ஆகவே ஒருவரைப் பக்கத்தில் நடக்கவிட்டு வழிகாட்டச் சொன்னார்கள். அவர் வழிகாட்டியதோடு, பேனலின் மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். கனமான பொருள் ஆடும்போது கையை வைப்பது மனித இயல்பு. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இரும்பை ஒரு கையால் நிறுத்த முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கை போகும். அதனால்தான் ‘கையை வைக்காதே’ என்ற அறிவுரையை மட்டும் நம்பக் கூடாது. சுமை ஆடுவதைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் நீளமான கயிறு கட்டி, விழும் தொலைவுக்கு வெளியே நின்று பிடிக்க வேண்டும். 2.3 மீட்டர் உயரப் பொருளுக்கு அந்தத் தொலைவு குறைந்தது 2.3 மீட்டர்.

சரிந்த பிறகு செய்தவை

இந்தக் கோப்பில் பாராட்ட வேண்டிய பகுதி இது. தூணில் சாய்ந்து நின்ற தொகுதியை உடனே நிமிர்த்தலாம் என்று சிலர் முன்வந்தபோது மேற்பார்வையாளர் அனுமதிக்கவில்லை. காயமடைந்தவரை வெளியேற்றி, வாசலை அடைத்து, தொகுதி மேலும் வழுக்காதபடி மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, செயின் பிளாக்கால் பின்னால் இழுத்துக் கட்டிய பிறகே அடுத்த வேலையை அனுமதித்தார். பிரேக்கர்களின் ஸ்பிரிங்குகள் இறுக்கப்பட்ட நிலையில் இல்லை என்பதையும் முன்கதவின் கண்ணாடி வழியே பார்த்து உறுதிப்படுத்தினார். மின்சாரம் இல்லாத பேனலில் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான். இறுக்கிய ஸ்பிரிங்கில் இருக்கும் ஆற்றல், மோதலில் விடுபட்டால் விரல்களைத் துண்டிக்கும். அனுப்பும்போது பிரேக்கர் திறந்த நிலையிலும் ஸ்பிரிங் தளர்ந்த நிலையிலும் இருக்க வேண்டும். இங்கே அப்படியே இருந்தது.

தொகுதியை மீட்பதைப் பற்றிப் பேசும்போது, இரண்டு பேனல்களையும் பிரித்துவிட்டால் எடை பாதியாகும், வேலை சுலபமாகும் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை போலத் தோன்றும்; நான் அங்கிருந்தாலும் எதிர்த்திருப்பேன். ஈர்ப்பு மையம் 1,250 மி.மீ. உயரத்தில் இருக்கும் 1,600 மி.மீ. அகலத் தொகுதி பக்கவாட்டில் கவிழ 32 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். பிரித்த 800 மி.மீ. அகலப் பேனல் 18 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கவிழ்ந்துவிடும். எடை குறைந்தது, ஆபத்து கூடியது. ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதியான இ.என். 12195-1, சாலைப் போக்குவரத்தில் பக்கவாட்டில் புவியீர்ப்பின் பாதி அளவு விசையை எதிர்பார்த்துக் கட்டச் சொல்கிறது. தனிப் பேனல் ஒன்று கவிழ அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். தயாரிப்பாளர் இரண்டிரண்டாக இணைத்து அனுப்பியது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல.

மூன்றாவது தொகுதி

விபத்துக்குப் பிறகு எல்லோருடைய கவனமும் ஐந்தாவது தொகுதியின் மேல் குவிந்தது. காப்பீடு, விசாரணை, தயாரிப்பாளரின் பொறியாளர் வருகை. உள்ளே போய்விட்ட நான்கு தொகுதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவை நல்லபடியாக வந்துவிட்டன என்பதே பொது எண்ணம்.

மூன்றாவது தொகுதியின் பக்கச் சுவரில் ஓர் அதிர்ச்சிக் காட்டி ஒட்டப்பட்டிருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி விழுந்தால் அதிலுள்ள சிறு குழாய் நிரந்தரமாகச் சிவந்துவிடும். லாரியில் அந்தப் பக்கம் நான்காவது தொகுதியை ஒட்டி இருந்தது. இறக்கிய பிறகும் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தே நின்றது. கிரேனில் தொங்கும்போது யாரோ எடுத்த ஒரு புகைப்படத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், குழாய் சிவந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. சலானில் ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று கையொப்பம் ஆகியிருந்தது.

காட்டி சிவந்தால் பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை; சரக்கைத் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. ‘காட்டி எண் 3 சிவந்துள்ளது, உள்ளே பரிசோதிக்க வேண்டும்’ என்று சலானில் எழுதி, ஓட்டுநரின் கையொப்பத்தையும் வாங்கி, லாரியின் மேல் இருக்கும்போதே படம் எடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்குச் சட்ட மதிப்பு உண்டு. வெளியே தெரியாத சேதத்தை அறிவிக்க, கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகள் 3 நாள் தருகின்றன. சர்வதேசச் சாலைப் போக்குவரத்துக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கை, ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாள் தருகிறது. வான்வழிச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை 14 நாள் தருகிறது. முதல் இரண்டிலும் நாள் தவறினால், சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது என்பதே முதல்நிலைச் சான்றாகிவிடும். மூன்றாவதில் வழக்கே நிற்காது. எந்த விதி பொருந்தினாலும், ஐந்து மாதம் கழித்துக் கண்டுபிடித்த சேதத்துக்கு இந்தக் கெடுக்கள் உதவாது.

அதே புகைப்படம் இன்னொன்றையும் காட்டியது. கிரேனின் கொக்கியிலிருந்து பேனலின் மேல்மூலைகளுக்குப் போகும் பெல்ட்டுகள் மிகக் குட்டையாக இருந்தன. கிடைமட்டத்தோடு அவை செய்யும் கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. நான்கு பெல்ட்டுகள் இருந்தாலும், விறைப்பான பெட்டியைத் தூக்கும்போது இரண்டு மட்டுமே முழு எடையையும் சுமப்பதாகக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. 30 டிகிரியில் அந்த இரண்டில் ஒவ்வொன்றின் இழுவிசையும் 1,900 கிலோ. அது பெல்ட்டின் கவலை. பேனலின் கவலை வேறு: மேல்சட்டத்தை இரு பக்கமிருந்தும் உள்ளே நெருக்கும் விசை 1,645 கிலோ. 60 டிகிரியில் தூக்கியிருந்தால் அது 550 கிலோதான். தூக்குவிட்டத்தைக் குறுக்கே பயன்படுத்தி பெல்ட்டுகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தால் நெருக்கமே இருந்திருக்காது. திறந்தவெளி, கிரேனுக்கு உயரம் தாராளம். நீளமான பெல்ட் கையில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் காணவில்லை. தூக்க வேண்டிய இடங்களும் குறைந்தபட்சக் கோணமும் கையேட்டில் படத்தோடு இருந்தன. கையேடு பிளாஸ்டிக் உறையில், பேனலின் உள்கதவில் உள்ள பையில் இருந்தது. அந்தப் பேனலை இறக்கிப் பிரித்த பிறகுதான் அதைப் படிக்க முடியும்.

பாலிதீனுக்குள் ஐந்து மாதம்

சுவிட்ச்கியர் அறை அப்போது முடியவில்லை. தளத்துக்குக் கான்கிரீட் போட்டு சில வாரங்களே ஆகியிருந்தன. ஜன்னல் சட்டங்கள் வெறுமையாக இருந்தன. பேனல்களை வைத்து, தூசும் மழைச் சாரலும் படாமல் இருக்க, கனத்த பாலிதீன் தாளால் தரை வரை சுற்றி, அடியிலும் ஒட்டுப்பட்டை போட்டு மூடினார்கள். அக்கறையோடு செய்த வேலை என்பது படங்களைப் பார்த்தால் தெரிகிறது. அந்த அக்கறைதான் பேனல்களுக்குக் கேடாக முடிந்தது.

புதிய கான்கிரீட் பல மாதங்களுக்கு நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. தரை வரை இறுக மூடிய தாள் அந்த ஈரத்தை வெளியே விடாமல் பேனலைச் சுற்றிப் பிடித்துவைத்தது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். ஒன்றே முக்கால் டன்னுக்கு மேற்பட்ட இரும்பும் செம்பும் இரவில் குளிர்ந்தால், காலையில் சுற்றியுள்ள காற்று சூடாகும்போதும் சில மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். ஆகவே ஒவ்வொரு காலையும் பேனலுக்கு உள்ளே வியர்த்தது. வெளியிலிருந்து வரும் மழையை மட்டும் நினைத்து மூடியவர்களுக்கு, உள்ளே உருவாகும் ஈரம் எண்ணத்தில் வரவில்லை.

இதற்கான மருந்து பேனலுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு பேனலிலும் ஈரம் படிவதைத் தடுக்கும் சிறிய ஹீட்டர் உண்டு. உள்வெப்பத்தைச் சுற்றுப்புறத்தை விடச் சில டிகிரி உயர்த்தி வைத்தாலே பனி படியாது. ஆனால் அறையில் தற்காலிக மின்சாரம் இல்லை. ஹீட்டருக்கு இணைப்புக் கொடுங்கள் என்று கையேடு சொன்னது. அந்தக் கையேடு உள்கதவுப் பையில், பாலிதீனுக்கும் உள்ளே இருந்தது.

சேமிப்பில் ஹீட்டரை இணைப்பதிலும் கவனம் வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அவசரத்தில் செய்யப்படும் தவறு உயிரைப் பறிக்கும். ஹீட்டர் முனையங்களுக்கு மட்டும் தனி கேபிள் கொடுக்க வேண்டும். துணை மின்சுற்று முழுவதற்கும் மின்சாரம் கொடுத்து, பேனலிலுள்ள மின்னழுத்த மாற்றியின் இரண்டாம் சுற்றுக்கு அது எட்டிவிட்டால், அது தலைகீழாக வேலை செய்து முதல் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டை உருவாக்கும். ‘இன்னும் இணைக்காத பேனல்’ என்று நம்பி உள்ளே கையை நுழைப்பவர் செத்துப்போவார். அந்த ஃபியூஸ்களைக் கழற்றி, பூட்டி, சீட்டு ஒட்டிய பிறகே ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஹீட்டரை ஒட்டி அட்டை, நுரைப்பஞ்சு, சிலிக்கா ஜெல் பை ஏதும் இல்லை என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். தாளை மேலே கூரைபோல விட்டு, அடியிலும் பக்கங்களிலும் காற்று போக இடம் வைக்க வேண்டும்.

ஐ.இ.சி. 62271-1 தரம் உட்புறச் சாதனங்களுக்கு 24 மணி நேரச் சராசரி ஈரப்பதம் 95 சதவீதம் வரை அனுமதிக்கிறதே என்று ஆலையின் பொறியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வரம்பு பணியில் இருக்கும் சாதனத்துக்கானது. ஹீட்டர் ஓடாமல், தாளுக்குள் மூடிக் கிடக்கும் சாதனத்தின் சேமிப்பு நிபந்தனையைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்லும்.

அதே அறையில் பழுது வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்புக்கான மூடிய ஈய-அமில மின்கலங்களும் இருந்தன. அவை கிடக்கும் நேரத்திலும் தாமாகவே மின்னேற்றத்தை இழக்கும். 25 டிகிரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும், வெப்பம் கூடினால் அதற்கும் முன்பே. அவை ஏற்றப்படவில்லை, சில கலங்கள் மாற்றப்பட்டன. கிடங்கில் சும்மா இருக்கும் பொருள் என்று ஒன்று கிடையாது என்பதற்கு அவையும் சாட்சி. பெரிய மோட்டார்களாக இருந்திருந்தால், பேரிங்கில் ஒரே இடத்தில் பள்ளம் விழாமல் இருக்க மாதந்தோறும் தண்டைச் சுற்றி நிறுத்தியிருக்க வேண்டும்.

சோதனையில் வெளிவந்தது

பணிக்கு ஆயத்தப்படுத்தும்போது மெகர் என்ற அளவுகருவியால் செய்த சோதனையில் நான்கு தொகுதிகளிலும் காப்பு மின்தடை வெகுவாகக் குறைந்திருந்தது. ஹீட்டரைப் போட்டுச் சில நாள் உலர்த்தினார்கள். மூன்று தொகுதிகள் நன்றாக மீண்டன. மூன்றாவது தொகுதியின் நடு ஃபேஸ் மட்டும் மற்றவற்றோடு ஒப்பிடப் பின்தங்கியே இருந்தது. ஆனால் எண் குறைந்தபட்ச வரம்புக்கு மேல் இருந்ததால் சோதனை தொடர்ந்தது.

என் கணிப்பில், நிறுத்திப் பார்த்திருக்க வேண்டிய இடம் இது. ஈரத்தால் குறைந்த காப்பு உலர்த்தினால் ஏறும். ஒரே அறையில், ஒரே காலம் கிடந்து, ஒரே மாதிரி உலர்த்தப்பட்ட பன்னிரண்டு அளவுகளில் ஒன்று மட்டும் ஏற மறுக்கிறது என்றால், அங்கே ஈரத்தைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. குறைந்தபட்ச வரம்பு, கைவிட வேண்டிய சாதனத்தை அடையாளம் காட்டும் கோடு. பக்கத்துப் பேனலோடு ஒப்பிடுவதற்கு அது மாற்று ஆகாது.

12 கிலோவோல்ட் தர சுவிட்ச்கியருக்குத் தொழிற்சாலைத் தாங்குசோதனை 28 கிலோவோல்ட், ஒரு நிமிடம். களத்தில் அதன் 80 சதவீதமான 22.4 கிலோவோல்ட் கொடுப்பது வழக்கம். மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு போகையில், 17 கிலோவோல்ட்டில் மூன்றாவது தொகுதி முறிந்தது. பிரித்துப் பார்த்தபோது, பிரேக்கரின் தொடர்பு முனைகள் நுழையும் எபாக்சி வார்ப்புக் குழல் ஒன்றில், திருகு இறுகும் மூலையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தது. விரிசலின் வழியே ஈரம் ஊறி, மின்சாரம் ஓடிய கருந்தடம் பதிந்திருந்தது. அந்தக் குழல் பொருந்திய பக்கத்தில் மேல்சட்டத்தின் தூக்குக்கண் உள்நோக்கி வளைந்திருந்தது.

விரிசலுக்குக் காரணம் லாரியில் விழுந்த அடியா, குட்டைப் பெல்ட்டின் நெருக்கமா? இரண்டும் அதை உண்டாக்கக்கூடியவை. இரண்டும் நடந்ததற்குத் தடயம் இருக்கிறது. முதலாவது சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு, இரண்டாவது ஆலையின் பொறுப்பு. லாரியின் மேலேயே காட்டியைப் பார்த்து, இறக்கும் முன்பே கதவைத் திறந்து குழல்களைப் பரிசோதித்திருந்தால் பிரித்தறிந்திருக்கலாம். சலானின் கையொப்பம் அந்த வழியை அடைத்துவிட்டது. செலவு முழுவதும் ஆலையின் மேல் விழுந்தது.

மாற்றியவை

ஆலை முதலில் தயாரித்த திருத்தப் பட்டியலில் ஓட்டுநர் மறுபயிற்சி முதல் இடத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கச் சொன்னேன். முதல் இடத்துக்கு வந்தது ஒப்பந்தத்தில் ஒரு வாசகம். பேனல்கள் அந்தத் தேதியில் ஏன் வந்தன என்று பின்தொடர்ந்து போனால், பொருள் அனுப்பப்பட்டதும் பெரிய தவணைப் பணம் விடுவிக்கப்படும் என்ற நிபந்தனையில் போய் நின்றது. அறை ஆயத்தமாகவில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். ஆயினும் அனுப்புவதில் ஒரு தரப்புக்கும், கால அட்டவணையில் ஒரு கட்டத்தை முடித்துக்காட்டுவதில் மற்றத் தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. இப்போது கதவு, ஜன்னல், உலர்ந்த தளம், தற்காலிக மின்சாரம் நான்கும் இருப்பதாக மின்பிரிவு கையொப்பம் இட்ட பிறகே அனுப்பாணை போகிறது. அதற்கு முன்பே அனுப்ப வேண்டியிருந்தால், தயாரிப்பாளரின் கிடங்கில் ஹீட்டரோடு வைத்திருக்கும் வாடகையை ஆலை ஏற்கிறது. பணம் சார்ந்த அவசரத்தை அப்படியே விட்டுவிட்டு, களத்தில் நிற்பவர்களுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பயன் குறைவு.

இரண்டாவது மாற்றம் ஒரு தாள். ஒவ்வொரு தொகுதியின் வெளிப்புறத்திலும், நீர்புகா உறையில், தயாரிப்பாளர் ஒட்ட வேண்டியது: இந்தத் தொகுதியின் எடை, மூன்று திசைகளிலும் ஈர்ப்பு மையத்தின் தொலைவு, உள்ளே இருக்கும் தனிப்பாகங்கள், தூக்கும் புள்ளிகளின் படம், பெல்ட்டின் குறைந்தபட்சக் கோணம், ஹீட்டரின் மின்னழுத்தமும் முனைய எண்ணும். ஐ.எஸ்.ஓ. 780 வகுத்திருக்கும் குறியீடுகளில் ஈர்ப்பு மையத்துக்கும் தூக்கும் பெல்ட் மாட்டும் இடத்துக்கும் ஏற்கெனவே படங்கள் உண்டு. அவற்றை எண்களோடு வெளியே கொண்டுவருவதே புதிது. சரக்கு வருவதற்கு முன்பே அதன் நகல் இறக்கும் குழுத் தலைவருக்குப் போகிறது. அவர் தன் வண்டியின் தகட்டுக் கணக்கைப் போட்டு, இது தூக்கும், இது தூக்காது என்று எழுதித் தர வேண்டும். எண்ணிக்கையில் வரும் எந்த வேறுபாடும் கொள்முதல் பிரிவுக்குப் போவதற்கு முன் இவரிடம் வருகிறது.

அறைக்குள் கொண்டுசெல்லும் முறையும் மாறியது. சாய்தளத்தில் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. ஜாக்கியால் சில சென்டிமீட்டர் உயர்த்தி, நான்கு மூலைகளிலும் சக்கரப் பலகைகள் வைத்து, கேபிள் பள்ளங்களின் மேல் எஃகுத் தகடு பரப்பி நகர்த்துகிறார்கள். சரிவில் மேட்டுப்பக்கத்திலிருந்து விஞ்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) கட்டிப் பிடித்துக்கொண்டே இறக்குகிறார்கள். மெதுவான வேலைதான். ஐந்து தொகுதிகளுக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்று குழுத் தலைவர் கணக்கிட்டார், ஆலை ஒப்புக்கொண்டது.

ஐந்தாவது தொகுதி தயாரிப்பாளரிடம் திரும்பிப் போய், சட்டம் மாற்றப்பட்டு, பிரேக்கர்களின் வெற்றிடக் கலங்கள் திறந்த முனைகளுக்கிடையே உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இம்முறை பிரேக்கர்கள் தனிப் பெட்டிகளில் வந்தன. மூன்றாவது தொகுதியில் அந்தப் பக்கத்துக் குழல்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. விரிசல் தெரியாதவற்றையும் மாற்றச் சொன்னது நான்தான். அதே நெருக்கத்தைத் தாங்கிய எபாக்சியில் கண்ணுக்குத் தெரியாதது இருக்கக்கூடும், அதை இருபது ஆண்டு பணியில் விட முடியாது. காப்புக்குள் நுண்ணிய மின்பொறிகள் எழுகின்றனவா என்று பார்க்கும் பகுதி மின்னிறக்கச் சோதனைக்குப் பிறகு, 22.4 கிலோவோல்ட்டை மூன்று ஃபேஸ்களும் ஒரு நிமிடம் தாங்கின.